கேட்காத சத்தத்துக்கு ஒரு டப்பா

தரை துடைக்கிற மாப் குச்சியின் நுனியில் ஒரு வெள்ளை டப்பாவைக் கட்டி, அதைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார் எங்கள் கீழ்வீட்டு மாமா. "வா... வா... இன்னும் வா... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டான்" என்று தனக்குத்தானே சிக்னல் வேறு. ஒரு கை குச்சியை நகர்த்துகிறது, இன்னொரு கை ஜன்னல் சட்டத்தைத் தட்டுகிறது. பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலிருந்து கண்டக்டர் தட்டுகிற அதே தட்டு. இவர் ரிட்டயர்டான பஸ் டிரைவர். வீட்டில் கண்டக்டர் இல்லாததால் அந்த வேலையும் இவர் தலையில்தான்.

குச்சி நின்றது. மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "சுவத்துக்குப் பக்கத்துல நிறுத்தினா சத்தம் சுவத்துல மோதித் திரும்பும். ஒரு கை தூரம் தள்ளி நிக்கணும். ஸ்டாப்புல பஸ் நிறுத்துற மாதிரிதான். ஒட்டவும் கூடாது, நடுரோட்டுலயும் நிக்கக் கூடாது." யாரும் கேட்கவில்லை. மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் மாமா பேசினால் அது தெருவுக்கே சொன்ன மாதிரி.

அந்த டப்பா முன்பு ஊறுகாயோ பிஸ்கட்டோ வைத்திருந்தது. இப்போது அதன் அடியில், முழங்கை மாதிரி வளைந்த இரண்டு குழாய் எல்போக்கள் தரையைப் பார்த்துத் தொங்குகின்றன. வாய் கீழே இருந்தால் மழை உள்ளே போகாது, காற்று மட்டும் போகும். "பாஸ் வச்சிருக்கவன் மட்டும் ஏறு, மத்தவன் எறங்கு" என்பது மாமாவின் விளக்கம். உள்ளே தூசியை எண்ணுகிற ஒரு கருவி. அதற்குக் காற்றை இழுத்துக் கொடுக்க, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு விசிறி. சத்தத்தைப் பிடிக்க மொச்சைக்கொட்டை அளவு ஒரு மைக். இரண்டும் சேர்ந்து மாமாவின் போனுக்கு இரண்டு கோடுகள் அனுப்பும். நீலக் கோடு தூசி, சிவப்புக் கோடு சத்தம். அதற்கு மாமா வைத்த பெயர் கண்டக்டர். "முன்னாடி பாக்குறது நம்ம வேலை. பின்னாடி என்ன நடக்குதுன்னு சொல்றது கண்டக்டர் வேலை."

மாமாவுக்குப் பின்னாடி நடப்பது எதுவும் கேட்காது என்பதுதான் இதில் விஷயம்.

இவர் ஓட்டிய காலத்து பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து உறுமுமாம். அது இவருடைய காதிலேயே வாடகைக்கு இருந்துவிட்டுக் காலி செய்தபோது பாதிக் காதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கனமான சத்தம் கேட்கும். கீச்சென்ற சத்தம், மெல்லிய குரல், சின்னப்பிள்ளை பேச்சு எதுவும் ஏறாது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "டிரைவருக்குக் கண்ணுதான்பா முக்கியம்" என்று முடித்துவிடுவார். கேட்காததற்கெல்லாம் அவரிடம் ஒரே பதில் உண்டு. "மாமா, மொட்டை மாடியில் யானை நிக்குது" என்று நான் மெல்லச் சொன்னால், "அப்படித்தான். காலம் கெட்டுப்போச்சு" என்பார். கூடவே தலையாட்டல். இந்த விளையாட்டு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, அலுத்துவிட்டது. அவருக்குக் காது பூனைக் காது. குழாய் மூன்றாவது வீட்டில் சொட்டினால் இங்கே சொல்லுவார். போன மழையில் படுக்கையறைச் சுவர் ஈரம் பிடித்து, அத்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. "மருந்து பாதி, காத்து பாதி. ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார் டாக்டர். திறந்தால் பின் சந்திலிருக்கிற ரொட்டிக் கூடத்தின் புகைபோக்கி விசிறி கீச்கீச்சென்று கத்துகிறது. பல்லில் கம்பியை வைத்து இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். அத்தை மூடுவார். மாமா திறப்பார். அத்தை மூடுவார்.

"எந்தச் சத்தம்? எனக்கு ரொட்டி வாசனைதான் வருது. நல்லாத்தானே இருக்கு."

"உங்களுக்கு எதுதான் கேட்டுச்சு, இது கேக்க?"

"நான் உன்னை நம்பலைன்னா சொன்னேன்? எனக்குக் கேக்கலைன்னுதானே சொன்னேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அடுத்து கீழேயிருந்து ஒரு பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அத்தை துணிகளை அடுக்கிப் பையைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்." எத்தனை நாள் என்று மாமா கேட்டதற்கு, "காது ஆறுற வரைக்கும்" என்றார். எப்போது கிளம்புவது என்று சொல்லவில்லை. பை மட்டும் தயார். டிப்போவில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கிற பஸ் மாதிரி அது கதவுக்குப் பின்னால் நின்றது. மாமா அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் முதலில் கதவுக்குப் பின்னால்தான் பார்ப்பார். அத்தையும் அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா டப்பா கட்ட ஆரம்பித்தது அந்த வாரம்தான். சாமான்கள் தபாலில் வந்தன. எப்படிச் சேர்ப்பது என்பதை ஏதோ ஒரு நாட்டுப் பையன் போடுகிற வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். "அவன் பேசுற பாஷை யாருக்குத் தெரியும்? கையைப் பார்த்தாப் போதும்." கம்பிகளைப் பற்றவைக்கிற சூட்டுக்கோல் சாப்பாட்டு மேசையில் கறுப்பாக ஒரு வட்டம் போட்டது, அத்தை அதன் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்து மறைத்தார். முதலில் விசிறியைத் தலைகீழாக மாட்டிவிட்டார். மூச்சை உள்ளே இழுக்க வேண்டிய டப்பா ஊத ஆரம்பித்தது. ஊரிலேயே சுத்தமான காற்று எங்கள் கட்டடத்தில்தான் என்று ஒரு நாள் முழுக்கப் பெருமை. மைக்குக்குக் காற்றடிக்காமல் இருக்க மேலே பஞ்சு மூடி வேண்டும். மறுநாள் காலை அத்தையின் குரல்: "பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுல ஒரு மூலையைக் காணோம்."

"அப்படித்தான்" என்றார் மாமா. இந்த முறை அவருக்கு நன்றாகக் கேட்டது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

டப்பா தயாரான பிறகுதான் உண்மையான பாடு. அதை எங்கே நிறுத்துவது? முதலில் சமையலறை ஜன்னலில் வைத்தார். சிறிது நேரத்தில் நீலக் கோடு கூரையைத் தொட்டது. மாமா வாசலுக்கு ஓடி வந்து, "யாரும் வெளியே வராதீங்க, தெருவெல்லாம் புகை" என்று அறிவித்தார். உள்ளேயிருந்து அத்தை, "வெங்காயம் வதங்குது. அடுப்பை அணைக்கவா, தெருவைக் காலி பண்ணவா?" என்றார். அடுத்து பால்கனிக் கொடியில் கட்டினார். ஈரத் துணி பக்கத்தில் இருந்தால் அந்தக் கருவி நீராவியையும் தூசி என்று எண்ணித் தொலைக்கும் போல. வீட்டில் துவைத்த நாளெல்லாம் புழுதிப் புயல். அப்புறம் பூத்தொட்டிக்கு மேலே. எறும்புகள் குடிவந்தன. ஒருநாள் நான் மாடியிலிருந்து கால்மிதியை உதறினேன், டப்பா என்ன சொல்கிறது பார்க்கலாம் என்றுதான். மாமா போனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கண்டக்டர் பொய் சொல்ல மாட்டான்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் புயல். பக்கத்து வீடுகளும் அப்படியே கூப்பிடுகின்றன.

கடைசியாகத்தான் இந்த மாப் குச்சி. படுக்கையறை ஜன்னல், சுவரைவிட்டு ஒரு கை தூரம், குழாய் வாய் கீழே, எல்போ வாயில் கொசுவலைத் துண்டு. "அவ மூச்சு விடுற காத்து எதுவோ அதை அளக்கணும். அவ காதுல விழுறது எதுவோ அதைப் பிடிக்கணும். மொட்டை மாடியில வச்சா யாருக்கு என்ன லாபம்?" என்று தெருவுக்குச் சொன்னார்.

மறுநாள் காலை மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் போனோடு நின்றார். விடியற்காலையில், ரொட்டிக் கூடம் வேலை தொடங்குகிற நேரத்தில், சிவப்புக் கோடு ஒரு சின்னக் குன்று ஏறி அப்படியே நடந்து போயிருந்தது.

"இந்தா பாரு. இங்க ஏறுது. இதுதான் உன் சத்தம்."

அத்தை போனை வாங்கி, தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "இவ்வளவு சின்னதாவா இருக்கு?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

"சின்னதோ பெருசோ, இருக்குல்ல. இருக்கு." அந்த 'இருக்கு'வை மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை போனைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அன்றைக்கே மாமா பின் சந்துக்குப் படையெடுத்தார். ரொட்டி மாஸ்டர் கையெல்லாம் மாவோடு வெளியே வந்தார்.

"உங்க ஃபேன் கத்துது."

"என்னது?"

"ஃபேன். கத்துது."

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணே."

"எனக்கும்தான் கேக்கலை."

"அப்புறம் எதுக்குச் சண்டைக்கு வந்தீங்க?"

"கேக்குறவ வீட்டுல இருக்கா."

பல வருஷமாக அந்த விசிறிக்குக் கீழேயே நிற்கிற மாஸ்டருக்கும் காது பாதிதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "கேக்கலை, கேக்கலை" என்று இரண்டு பேரும் போட்ட சத்தம் எங்கள் மாடிவரை வந்தது. கடைசியில் இரண்டு பேரும் போனை நம்புவது என்று முடிவானது. மாமா விசிறியை நிறுத்தச் சொன்னார், கோடு இறங்கியது. போடச் சொன்னார், ஏறியது. மாமா ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். விசிறியைச் சுற்றுகிற பெல்ட் வழவழவென்று தேய்ந்து பளபளத்தது. "இதுதான். டயர் மாதிரி தேஞ்சு கெடக்கு, வழுக்கிக்கிட்டே ஓடுது." மாஸ்டர் புதுப் பெல்ட் போட்டார், ஒரு சூடான ரொட்டியும் கொடுத்தனுப்பினார். மாமா அந்த ரொட்டியை வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் குன்று இல்லை. அத்தை ஜன்னலைத் தானே திறந்தார். மாமா ஒருமுறை கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பை அங்கேயே இருந்தது.

"அதான் சத்தம் போச்சே."

"போச்சு."

"அப்போ பை?"

"இருக்கட்டும். அது என்ன சோறா கேக்குது?"

மாமாவுக்கு இது விளங்கவில்லை. டிரைவர் மூளை: வண்டி இழுக்கவில்லையென்றால் எங்கேயோ இன்னொரு கோளாறு இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கியர் தேடுகிற கையால் தொடையைத் தட்டிக்கொண்டே முந்தின நாள் கோடு முழுவதையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சாயங்காலப் பக்கம் வந்ததும் தட்டல் நின்றது. அங்கே ஒரு மலை இருந்தது. குன்றெல்லாம் இல்லை, மலை. அதற்கு முந்தின நாளும் அதே நேரத்தில், அதற்கும் முந்தின நாளும். நீலக் கோடு அதே நேரத்தில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அடுப்புகள் அணைந்து, காற்று அடிக்க ஆரம்பிக்கிற நேரம் அது.

"நாளுக்கே நல்ல காத்து அப்பதான் வருது. அந்த நேரம் பார்த்து எவனோ குடைச்சல் குடுக்கறான். அவ ஜன்னலைச் சாத்திட்டு உள்ளேயே கெடக்கா" என்று மாமா எங்கள் அப்பாவிடம் கொதித்தார். "யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா உள்ளேயிருந்தே என் பெயரைச் சொன்ன விதத்தில் மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்தச் சாயங்கால மலை எது என்று இந்தக் கட்டடத்தில் தெரியாத ஒரே ஆள் மாமாதான். தினமும் செய்தி நேரத்தில் அவர் வீட்டு டிவி இரண்டு மாடிக்கும் சேர்த்துத்தான் பேசும். நாலு பேர் ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று இருக்கிறதே, அதை ஒரு நாளும் விடமாட்டார். மாமாவுக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தால் மற்றவர்களுக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும். அது தெருவுக்குக் கேட்க வேண்டாமென்றுதான் அத்தை ஜன்னலைச் சாத்துவார்.

மாமா தெருமுனை டயர் கடைக்காரரைக் கேட்டார். அவர் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு, "தெரியலையேண்ணே" என்றார். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனின் மோட்டார் பைக்கைச் சந்தேகப்பட்டார். அந்தப் பையன் பைக்கையே உள்ளே தள்ளி வைத்துவிட்டான். சொந்த மனைவியைக் கேட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்றார் அத்தை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. ஊரே சேர்ந்து ஒருத்தரைக் காப்பாற்றுவதை அன்றுதான் பார்த்தேன். அந்த ஒருத்தரோ ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது எங்கள் வீடு. மறுநாள் சாயங்காலம், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மாமா படியேறி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். கையில் போன்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல இந்த நேரத்துக்கு மிக்ஸி, கிரைண்டர் ஏதாவது ஓடுதா?"

"இல்லையேண்ணே" என்றார் அப்பா. அதைச் சொல்வதற்கே அவர் கத்த வேண்டியிருந்தது. கீழேயிருந்து டிவியின் நாலு பேரும் படியேறி வந்து எங்கள் கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்பக்கூட ஓடுது. பாருங்க, உச்சியில நிக்குது." மாமா போனை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அந்த நேரம் கீழே சட்டென்று அமைதியானது. மாமா இல்லாத நேரங்களில் அத்தை செய்கிறதைத்தான் செய்திருப்பார், டிவியை அணைத்துவிட்டார். எங்கள் கூடத்தில் கடிகாரம் ஓடுவது கேட்டது. மாமாவுக்கு இதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் போனில் சிவப்புக் கோடு மலையிலிருந்து கால் தவறி விழுந்த மாதிரி நேராகக் கீழே இறங்கியது.

மாமா போனை ஒரு குலுக்குக் குலுக்கினார். எங்களைப் பார்த்தார். எங்கள் கையில் மிக்ஸியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"நெட் போயிருக்கும்ணே" என்றார் அப்பா.

மாமா படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றார். "நெட் இல்லை" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவ அணைச்சிருக்கா."

செருப்பைப் போட மறந்து அப்படியே இறங்கிப் போனார். அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். செருப்பு ஒரு சாக்குதான், அது வேறு விஷயம். கதவு திறந்திருந்தது. அத்தை டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்றார், திருட்டுத்தனம் செய்த பிள்ளை மாதிரி. மாமா வெறுங்காலோடு எதிரில்.

"எத்தனை வருஷமா?"

அத்தை ரிமோட்டை டிவி மேல் வைத்தார்.

"எவனெவனையோ கேட்டேன். உன்னையும் கேட்டேன். ஏன் சொல்லலை?"

அத்தை கிட்ட வந்தார். மாமாவின் கொஞ்சம் கேட்கிற காதுப் பக்கமாக நின்றுகொண்டார். "உங்ககிட்ட எதைச் சொல்லணும்னாலும் கத்தித்தான் சொல்லணும். இது கத்திச் சொல்ற விஷயமா?"

அதையும் அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் படியில் நின்ற எனக்கும் கேட்டது. செருப்பை ஓசையில்லாமல் வைத்துவிட்டு ஏறி வந்துவிட்டேன். அன்றைக்கு மாடியில் நாங்கள் சாப்பிடும்போது தட்டில் கரண்டி படுகிற சத்தத்துக்கு நாங்களே கூச்சப்பட்டோம்.

மறுநாள் சாயங்காலம் செய்தி நேரம். கீழே இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பார்த்துவரச் சொல்லி அம்மா அனுப்பினார். கதவு வழக்கம்போலத் திறந்தே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மாப் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, டப்பா இல்லை. அது படுக்கையறைக் கட்டிலில், அத்தை தலை வைக்கிற தலையணைமேல் உட்கார்ந்திருந்தது. குழாய் வாய் இரண்டும் கூடத்தைப் பார்த்திருந்தன. பக்கத்தில் அத்தை, மடியில் கையை வைத்துக்கொண்டு, படம் எடுக்கப் போகிறவர் மாதிரி விறைப்பாக. ஜன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்து, திரை உள்ளே பறந்துகொண்டிருந்தது.

மாமா கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ரிமோட், ஒரு கையில் போன். ரிமோட்டைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டி டிவியைப் போட்டார். நாலு பேரும் வழக்கம்போல் பாய்ந்து வந்தார்கள். ஒரு அழுத்து அழுத்தினார், போனைப் பார்த்தார். இன்னொரு அழுத்து. நாலு பேரும் படிப்படியாகப் பின்வாங்கிப் பெட்டிக்குள் போனார்கள். எனக்கே இப்போது சரியாகக் கேட்கவில்லை. மாமாவுக்கு எப்போதோ நின்றுபோயிருக்கும்.

"போதுமா?"

"போதும்" என்றார் அத்தை.

மாமா போனைப் பார்த்தார். சிவப்புக் கோடு அடியில்தான் இருந்தது போல; தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் திருப்தி இல்லை. போனைக் கவிழ்த்து நாற்காலிக்கு அடியில் வைத்தார். நிமிர்ந்து, அத்தையின் புருவத்துக்கு நடுவில், எப்போதும் ஒரு மடிப்பு விழுந்து கிடக்கிற அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, ரிமோட்டை இன்னும் ஒருமுறை அழுத்தினார்.